பல குரல்காரியின் மசக்கை

மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அன்று தோட்டத்திலேயே இல்லை. பல் பிடுங்க ஹட்டனுக்குப் போயிருந்தார். ஆனாலும் நாலாம் நம்பர் மலையில் அவருடைய இருமல் கேட்டது. முதலில் ஒரு சின்னக் கனைப்பு. அப்புறம் தொண்டைக்குள் எதையோ உருட்டி விழுங்குகிற சத்தம். அப்புறம், "யாரு அங்க, கை கொழுந்து எடுக்குதா, வாய் கொழுந்து எடுக்குதா?" என்ற அதட்டல். வெற்றிலை போடக் குந்தியிருந்த பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரவர் நிரைக்கு ஓடினார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். பாதையில் யாரும் வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடி மறைவிலிருந்து, அப்படி இருமிக் காட்டிய அக்கா எழுந்தார்.

"கங்காணியாரே, அந்தக் கும்பிடு நானே வச்சுக்கவா, கண்டாக்கையா வந்ததும் குடுத்துறவா?"

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சாயங்காலம் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், நடித்துக் காட்டியதைக் கேட்டேன். அவர்கள் நடிப்பு மட்டம். அசலுக்கு ஆள் அந்த அக்கா ஒருவர்தான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் வாத்தியாராக இருந்தேன். தோட்டத்தின் பெயரையும் அக்காவின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இரண்டு பேருமே என்னை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. கல்யாணமாகாத வாத்தியாருக்குத் தனி வீடு எதற்கு என்று லயத்தின் கடைசி அறையை, கடைசிக் காம்பராவை, ஒதுக்கித் தந்திருந்தார்கள். அதற்கு அடுத்தது அக்காவுடையது. நடுச்சுவர் கூரைவரை போகாது. முக்கால்வாசியில் அலுத்துப்போய் நின்றுவிடும். அதனால் நான் புத்தகம் படிக்கும்போது பக்கம் திருப்புவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். அவர்கள் என்பது தவறு. பேசுவது அக்கா மட்டும்தான். புருஷன் தேயிலை ஸ்டோரில், கொழுந்தை வறுக்கிற தொழிற்சாலையில், வேலை செய்தவர். நாளுக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். ஊரில் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுகிற அக்கா அவரை மட்டும் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அவரு எங்க பேசுறாரு, நான் புடிக்கிறதுக்கு?" என்பார்.

என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒருமுறை தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை வந்தார். நானும் என் இங்கிலீஷும் அவருக்கு முன்னால் போய் நின்றோம். மறுநாள் பீலிக்கரையில், பெண்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "எஸ்சார் நோசார் வெரிகுட்சார்" என்று மூச்சு விடாமல் ஒரு குரல். அப்போதுதான் நான் இங்கிலீஷ் பேசினால் எப்படியிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

அக்காவின் குரலில் யாருக்கும் காயம் பட்டதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல் லயத்தில் ஒரு கிழவி இருந்தாள். மழையைத் திட்டியே காலத்தைக் கழித்தவள். அவள் செத்துக் கருமாதி நடந்த அன்று, படையலைச் சுற்றி எல்லாரும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். மகன்காரன் சாம்பிராணி போடக் குனிந்தான். கூட்டத்துக்குள்ளிருந்து கிழவியின் கரகரப்பு எழுந்தது: "ஏன்டா, எனக்கு வச்ச சோத்துல கருவாடு எங்கடா?" அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். சிரித்தான். பிறகு, சாவு விழுந்த நாளிலிருந்து அழாமல் இருந்தவன், அந்தச் சிரிப்பிலேயே உடைந்து அழுதான். அக்கா செய்ததிலேயே நல்ல காரியம் அது என்று லயமே சொல்லிற்று. அதே வாயால் பின்னால் வேறு சொல்லிற்று.

கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குப் பிறகு அக்காவுக்கு வயிற்றில் உண்டாயிற்று. லயத்துக்கு அது தன் வீட்டு விசேஷம். மசக்கைக்காரிக்கு ஆசைப்பட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பது தோட்டத்தில் கடமை மாதிரி. அவள் ஆசைப்படாவிட்டாலும் கொடுப்பார்கள். ஊறுகாய், நெல்லிக்காய், புளி போட்ட மீன்குழம்பு, சுட்ட கருவாடு என்று காம்பரா வாசலில் கிண்ணங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் மணத்தது. அதுதான் ஆபத்தாயிற்று.

முதல் சில நாட்கள் அக்கா வாந்தியையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். பிறகு விளையாட்டு நின்றது. சோறு தங்கவில்லை. ரொட்டி தங்கவில்லை. பால் ஊற்றாத சாயத்தண்ணி தங்கவில்லை. வெறும் தண்ணீரும் போன வழியே திரும்பியது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்புவதற்குக் கையில் ஒரு சிரட்டையை வைத்துக்கொண்டு திரிந்தார். அந்தக் கோலத்திலும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார். வயிறு தெரியாத மாசத்தில் லீவு கேட்டால் யார் கொடுப்பார்கள்? பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் முன்னால் குந்தி, குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தபோது கங்காணி சொன்னாராம், "இந்தா ஆரம்பிச்சிட்டா கூத்த" என்று. பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அக்கா குனிந்தால் நிமிரும்போது யாரோ ஒருவராக நிமிர்வார் என்று பார்த்தே பழகியவர்கள். இப்போதும் முடிகிற இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அது முடியவில்லை. பொறுமை போயிற்று.

"நானும்தான் ஏழு பெத்தேன். ஒரு கையால வாயத் தொடச்சுக்கிட்டு ஒரு கையால கூடை நெறச்சேன். இவளுக்கு மட்டும் என்ன, பொன்னுல செஞ்ச வயிறா?" என்று ஒருத்தி கேட்டாள். மலை இறங்கும்போது கேட்பதற்கு இதமாக இருந்திருக்க வேண்டும். மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரை எல்லாரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் டாக்டர் இல்லை. நானும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அவர் புட்டியில் மிக்ஸர் மருந்து கொடுத்தார். அக்கா அதை அவருடைய வாசற்படியிலேயே திருப்பிக் கொடுத்தார். மசக்கைதான், மூணாம் மாசம் போயிரும் என்று அவர் சொல்லிவிட்டார். என்னிடம் பழைய இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் ஒன்று இருந்தது. காலையில் எழுவதற்கு முன் காய்ந்த பிஸ்கட் ஒன்றைத் தின்ன வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. கொட்டகலையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, பெரிய வைத்தியன் மாதிரி சுவருக்கு மேலாக நீட்டினேன். பிஸ்கட்டும் வெளியே வந்தது. அதற்கப்புறம் என்ன செய்வது என்று புத்தகத்தில் இல்லை. அத்தியாயம் அங்கேயே முடிந்திருந்தது.

மசக்கை என்பது எவ்வளவு செல்லமான சொல் என்று அப்போது யோசித்திருக்கிறேன். மாங்காய் கடிக்கிற பெண்ணுக்கும் அதே சொல். ஒரு வாய் தண்ணீர் தங்காமல் சாகக் கிடப்பவளுக்கும் அதே சொல். இரண்டாமவளுக்கு வேறொரு சொல் இருந்திருந்தால் யாராவது அவளைத் திரும்பிப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

எல்லா வாசனையிலும் அக்காவால் தாங்க முடியாதது தேயிலை வறுபடும் வாசனை. ஸ்டோரிலிருந்து வருகிற புருஷனின் சட்டையில், தலைமயிரில், தோலில் அதுதான் ஊறிக் கிடந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும் அக்காவுக்குப் புரட்டும். அந்த மனிதர், பனி இறங்குகிற அந்தக் குளிரில், வேலை முடிந்து நேரே பீலிக்குப் போய்த் தலையோடு குளித்துவிட்டு, துவைத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு வருவார். அப்படியும் கிட்டப் போக முடியாது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கடைசித் தூணோரம் உட்கார்ந்துகொள்வார். புருஷனையே அண்ட விடமாட்டேங்குறா என்று லயத்தில் பேச்சு வந்தது.

அக்காவின் குரல் கேட்காமலாகி நாளாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வறண்ட ஓங்கரிப்பு மட்டும் வரும். அதுவும் ஒரு கட்டத்தில் கேட்கவில்லை. தேறிவிட்டார் என்று நினைத்தேன். புத்தகம் படிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் தாமதமாகத்தான் தெரியும்.

நடிப்பு என்று சொல்லிச் சலித்தவர்கள் அடுத்ததாகக் கண்டுபிடித்ததுதான் கிழவி. செத்தவள் குரலைக் கருமாதி அன்றைக்கே எடுத்துப் பேசினால் சும்மா விடுவாளா? சோறு வேண்டாம் என்கிறாள், புருஷன் வேண்டாம் என்கிறாள், வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். இவள் கூப்பிட்டாள், கிழவி வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று முடிவாகிவிட்டது. லயமே கூடிச் செலவு போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். இதையும் அன்பினால்தான் செய்தார்கள். அதுதான் இன்றைக்கும் என்னால் சிரிக்க முடியாத இடம்.

இஸ்தோப்பில் அக்காவை உட்கார வைத்தார்கள். உட்கார முடியாமல் சாய்ந்ததும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். உடுக்கு அடித்தது. மிளகாய் வத்தலைத் தணலில் போட்டுப் புகையை முகத்துக்கு நேரே விசிறினார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். அப்புறம் விளக்குமாற்றால். நீ யார், எதற்கு வந்தாய், என்ன வேண்டும் என்று கோடாங்கி திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த உதடு அசைந்தது.

"கருவாட்டுக்காக வந்தேன்டா. குடுத்துட்டீங்கள்ல, போறேன். புள்ளைய அடிக்காதீங்க."

கிழவியின் குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. மகன்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கோடாங்கி உச்சியில் ஒரு கொத்து மயிரைப் பிடித்து அறுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அடிக்கப் போனார். கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது என்பதை மறைக்கவில்லை. வால்யூம் வால்யூமாகப் பகுத்தறிவு படித்திருந்தேன். அந்தக் குரலுக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

மறுநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது புருஷன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலை ஈரமாக இருந்தது. நான் வெளியே போனேன். அத்தனை வருஷத்தில் அவர் பேசிக் கேட்டதெல்லாம் சேர்த்தாலும் அன்று பேசிய அளவு வராது.

"வாத்தியாரய்யா, நடிப்புன்னா பாக்க ஆளு வேணும்ல? ஆளில்லாதப்பயும் வாந்தி எடுக்குது. பலகைச் சந்து வழியா பாத்தேன். துணியச் சுருட்டி வாயில வச்சிக்கிட்டு எடுக்குது, பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. நடிக்கிறவ சத்தத்த மறைப்பாளா? இன்னிக்கு ரத்தமா வருது."

அப்படியானால் நேற்றுக் கிழவி குரலில் பேசியது என்ன என்று கேட்டேன்.

"அதுதாங்கய்யா நடிப்பு," என்றார். "பேசுனாத்தான் வெளக்கமாத்தக் கீழ வப்பாங்கன்னு பேசுச்சு."

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அக்காவைக் கம்பளியில் வைத்து அவரும் நானும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கிப் போனோம். நாலு மூலையில் ஒன்று என் கையில். பாரமே தெரியவில்லை. டாக்டரய்யா அக்காவின் கைத்தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது, மடித்த துணி மாதிரி. அது படியும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று கேட்டார். முந்தாநாள் என்று புருஷன் சொன்னார். டாக்டரய்யா வெளியே ஓடி, ஹட்டன் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லொறியை மறித்தார். பெட்டிகளை இறக்கிப் பாதையோரம் அடுக்கச் சொன்னார். தொரையைக் கேட்காமல் தேயிலையை இறக்கி ஆளை ஏற்றியது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். லொறியெல்லாம் தேயிலை மணம். புருஷன் தன் ஈரத் துண்டை அக்காவின் மூக்கில் வைத்துப் பிடித்தபடி, தன் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு போனார்.

டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். இன்னும் ஒருநாள் வைத்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இது சாதாரண மசக்கை இல்லை, நோய் என்று சொல்லி, நீளமாக ஒரு பெயரும் சொன்னார். என் அகராதியில் தேடினேன். இல்லை. ஈரலையும் மூளையையும்கூட அது கெடுக்கும் என்றார். யாரோ செய்த தப்பினால் வருவதில்லை, மனசுக்குப் பிடிக்காமல் வருவதில்லை, பேயாலும் வருவதில்லை என்று அவர் எடுத்துச் சொன்னதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நானும் சொன்னேன். வாத்தியார் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

பரப்பியது அக்கா. பிள்ளை பிறந்து, பீலிக்கரைக்கு வரத் தொடங்கிய பிறகு, டாக்டரய்யாவின் குரலை எடுத்தார். வாந்தி என்று எந்தப் பெண் போனாலும் அவர் இப்போது முதலில் கேட்கிற கேள்வி அது: "ஏம்மா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?" மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, கூச்சத்தில் கூரையைப் பார்த்தபடி அவர் கேட்கிற விதத்தில் அக்கா கேட்பார். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். புதுசாக உண்டான ஒருத்தியைப் பார்த்தால் ஆளாளுக்கு அப்படியே கேட்பார்கள். சிரிப்போடு சிரிப்பாக அந்தக் கேள்வி எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருத்தி யோசித்து, ஞாபகம் இல்லை என்றால் சிரிப்பு நின்றுவிடும். கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஆனால் அக்கா முழுசாகத் திரும்பி வரவில்லை. தலைமயிர் பாதி கொட்டிப்போயிருந்தது. ஓயாத வாந்தியின் புளிப்பு முன்பற்களை அரித்து விளிம்பு உடைந்திருந்தது. தொரையைப் போலப் பேசுவதற்கு வேண்டிய 'ஸ்' சத்தம் அவருக்கு அதற்குப் பிறகு வரவேயில்லை. பெண் குழந்தை. ஒரு முழம்கூட இல்லாமல் பிறந்து, பிழைத்துக்கொண்டது. அப்புறம் பிள்ளை இல்லை. அதற்கு லயம் பல காரணம் சொன்னது. புருஷன் பாயை இஸ்தோப்பிலேயே வைத்துக்கொண்டார். ஆண்பிள்ளை வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு, வழக்கம்போல, அவர் வார்த்தை எதையும் செலவழிக்கவில்லை.

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருந்த அக்கா ஒரே ஒரு பேச்சுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். குழந்தையைக் கொஞ்சிவிட்டு யாராவது, "பாத்தியா, இது மொகத்தப் பாத்ததும் பட்டதெல்லாம் மறந்துருச்சுல்ல?" என்பார்கள். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

சில வருஷங்கள் கழித்து எனக்குக் கல்யாணமாயிற்று. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு வீடும் தந்தார்கள். என் மனைவி உண்டானபோது அவளுக்கும் அதே நோய் வந்தது. இந்தத் தடவை யாரும் கூத்து என்று சொல்லவில்லை. டாக்டரய்யா முதல் வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உப்புத்தண்ணீர் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பத்துத் தடவை வெளியே போனால் பதினோராவது தடவை குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் குடித்தாள். பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினேன். கடைசியில் சொன்னாள். முந்தின நாள் அவளுக்கு ஒரு நினைப்பு வந்ததாம். வயிற்றிலிருக்கிற இது செத்துப்போனால் எனக்கு வாந்தி நின்றுவிடுமே என்று. அப்படி நினைத்தவள் பிழைக்கக் கூடாது, தண்ணீர் வேண்டாம் என்றாள்.

நான் அக்காவிடம் ஓடினேன். எப்படியாவது சிரிக்க வையுங்கள், யார் குரலிலாவது பேசுங்கள், என் குரலில் பேசினாலும் சரி என்றேன். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். அந்த வீட்டிலும் சுவர் கூரைக்கு எட்டவில்லை.

உள்ளே கேட்ட குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தணிவான, கொஞ்சம் தட்டையான குரல். யாருடையது என்று யோசித்தேன். கண்டாக்கையா இல்லை, டாக்டரய்யா இல்லை, கிழவி இல்லை. அக்காவுடையது.

"நானும் நெனச்சேன், தங்கச்சி. ஒரு தடவ இல்ல. காளியாத்தாகிட்ட நேந்துக்கிட்டேன், இத நீ எடுத்துக்க, எனக்கு ஒரு வாய் தண்ணி குடுன்னு. பெறகு யாருகிட்டயும் சொல்லல. அவருக்கும் தெரியாது. புள்ள மொகத்தப் பாத்தா மறந்துரும்னாங்க. எனக்கு மறக்கல. புள்ள மேல உசுரா இருக்கேன். அந்த நெனப்பும் இருக்கு. ரெண்டும் ஒரே காம்பராவுலதான் குடியிருக்கு."

அக்கா பாயில் இன்னும் கிட்டே நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"இந்தா வெளிய வெளையாடுது பாருங்க. நான் நெனச்சது அதுக்கு ஒண்ணும் கேக்கல."

"கேட்டிருந்தா?" என்றாள் என் மனைவி.

"கேட்டிருந்தா என்ன? அம்மா பாவம், தாகத்துல கெடந்துச்சுன்னு நெனச்சிருக்கும்."

முற்றத்தில் அக்காவின் மகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே என் மனைவி தண்ணீர் கேட்டாள். கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் வந்தது. குடித்தது தங்கவில்லை. எல்லாம் வெளியே வந்தது. மூச்சு வாங்கி முடிந்ததும் என் மனைவி மறுபடியும் தண்ணீர் கேட்டாள்.